துணிக்குக் காவல் யார்?

திருச்சி தில்லைநகரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய நாத்தனார் குடும்பத்தோடு அயர்லாந்து தேசத்தில் வசிக்கிறாராம். போன கோடையில் அவர்கள் காரை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்து, படம் படமாக அனுப்பித் தள்ளிவிட்டார்களாம். விக்லோ மலைப் பிரதேசத்தில் க்ளெண்டலாக் என்று ஓர் இடம். ஆறாம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி ஏற்படுத்திய மடாலயம் அங்கே இருக்கிறது. முப்பது மீட்டர் உயரத்துக்கு உருண்டையாக ஒரு கல் கோபுரம். பக்கத்தில் இரண்டு ஏரிகள். ஏரிக்கரையை ஒட்டிக் காட்டுக்குள் போகும் நடைபாதைகள். காலையில் மடாலயத்தைப் பார்ப்பது, மத்தியானம் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு மலைப் பாதையில் நடப்பது. "புண்ணியத்துக்குப் புண்ணியம், உல்லாசத்துக்கு உல்லாசம். நமக்கெல்லாம் இப்படி ஒரு கொடுப்பினை உண்டா?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. தில்லைநகர்க்காரருக்கு மலைக்கோட்டை கூப்பிடு தூரம். ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். வடக்கே சுமார் எண்பது கிலோமீட்டர் போனால் பச்சைமலை. கோயிலும் ஆறும் காடும் அருவியும் ஒரே ஜில்லாவில் வைத்துக்கொண்டு, கொடுப்பினை உண்டா என்று அயர்லாந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்! அந்த ஊரிலேயே குரோ பேட்ரிக் என்று 764 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை இருக்கிறது. ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கான பேர் பிரார்த்தனை செய்துகொண்டு அதில் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. பழநிக்கு நடந்து போகிற நமக்கு இது புதுசா என்ன?

ஆனால் அந்தச் சகோதரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சென்னையில் இருக்கும் நானும் சென்ற டிசம்பர் வரையில் பச்சைமலையைப் பார்த்ததில்லை. குழந்தைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் போய் வந்த கதையைச் சொல்கிறேன். வழி விவரமும் அதிலேயே வந்துவிடும். வழியைத் தவிர இன்னொரு விஷயமும் வரும். அது உங்கள் வீட்டு விஷயமாகவும் இருக்கலாம்.

ஐந்து பேர் கிளம்பினோம். நான், என் கணவர், எட்டாவது படிக்கும் பெண், நாலாவது படிக்கும் பையன், அறுபத்தெட்டு வயதாகும் என் மாமியார். அவரை நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவது. ஆள்களைத் தவிர மூட்டைகள் ஏழு. அவற்றை எண்ணுகிற உத்தியோகம் கலியாணமான நாளிலிருந்து எனக்குத்தான். ரயிலில் ஏறும்போது ஏழு, இறங்கும்போது ஏழு, ஓட்டல் வாசலில் ஏழு. சுவாமி சன்னிதியில் கண்ணை மூடிக்கொண்டால்கூட எனக்கு மூட்டைதான் தெரியும்.

முதல் நாள் மலைக்கோட்டை. ஊர் நடுவில் சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை அது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார். படிகள் நானூறுக்கு மேல். தாயுமானவர் சன்னிதி வரையில் அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெள்ள ஏறிவிட்டார். அதற்கு மேல் முழங்கால் மறுத்துவிட்டது. "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க" என்றார். எல்லாரும் என்றால் யார்? அவரைத் தனியாக விட்டுப் போக முடியுமா? பைகளை என்ன செய்வது? வழக்கம்போல் நான் உட்கார்ந்துவிட்டேன். மற்ற மூவரும் மேலே போனார்கள்.

தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ சமயம். தாயார் காவிரிக்கு அக்கரையில், ஆற்றில் வெள்ளம், வர முடியவில்லை. சிவபெருமானே அந்தத் தாயாரின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஐதிகம். வெள்ளம் வடிந்து நிஜத் தாயார் வந்து சேர்ந்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. கர்ப்பிணிகளின் வீட்டார் இன்றைக்கும் இங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். இந்தக் கதையை அத்தை எனக்குச் சொல்லி முடிக்கவும், மேலே போனவர்கள் இறங்கி வரவும் சரியாக இருந்தது. வழியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகை இருக்கிறது. அங்கே கங்கையைச் சடையில் ஏந்தும் சிவனை வெகு அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று என் பெண் கையை ஆட்டி ஆட்டி வர்ணித்தாள். "நீ பாக்கலையே அம்மா!" என்றாள். "அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்றேன். எத்தனையோ ஊர்களில் சொன்ன பதில் அது.

சாயங்காலம் ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கிற ஊர். ஏழு பிராகாரங்கள், இருபத்தொரு கோபுரங்கள். கோயில் ஊருக்குள் இருக்கிறதா, ஊர் கோயிலுக்குள் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. வெளிப் பிராகாரங்களில் வீடுகள், கடைகள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். தெற்கு வாசலில் பல நூற்றாண்டு மொட்டையாக நின்ற ராயகோபுரம் 1987-ம் வருஷம் பதின்மூன்று நிலைகளோடு பூர்த்தியாயிற்று. உயரம் 236 அடி. ஒரு யோசனை: பரமபத வாசல் சேவிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வைகுண்ட ஏகாதசிக்குப் போங்கள். நிதானமாகச் சிற்பம் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்தச் சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் முக்கொம்பு. திருச்சிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். 1836-ல் ஆரம்பித்து 1838-க்குள் ஆர்தர் காட்டன் துரை இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய அணையில் சில மதகுகள் இடிந்து விழுந்து, பிறகு புது அணை கட்டினார்கள். மர நிழலில் தயிர்சாதம் சாப்பிட அருமையான இடம். திரும்பும் வழியில் ஸ்ரீரங்கம் தீவிலேயே மேலூருக்கு அருகே வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015-ல் திறந்தது, இருபத்தைந்து ஏக்கர். பூச்சிகளுக்குத் தேன் தரும் செடி ஒரு பக்கம், புழுக்கள் தின்னும் செடி ஒரு பக்கம் என்று திட்டம் போட்டு வளர்த்திருக்கிறார்கள். குழந்தைகள் குதூகலமாக ஓடினார்கள். நான் ஒரு பெஞ்சியில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் பரிதாபப்பட்டு என்னைப் பார்க்க வந்தன.

மூன்றாம் நாள்தான் பச்சைமலை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து துறையூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக மலைமேல் டாப் செங்காட்டுப்பட்டிக்கு பஸ் போகிறது. ஆனால் பொழுதுக்குச் சில தடவைதான். வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் திருச்சியிலேயே ஒரு வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது சௌகரியம். விடியற்காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். மலைமேல் தங்க உத்தேசமானால் வனத்துறையாரிடம் முன்னதாகவே கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

சோபனபுரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன. பையனுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தேன். மலை 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரையில்தான் உயரம். ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள்; ஒரு சால்வை போதும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று ஜில்லாக்களில் கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மேலே போனால் சமவெளி மாதிரியே மேடும் பள்ளமுமாக வயல்கள். முந்திரித் தோப்பு, மரவள்ளிக் காடு, இடையிடையே பலா மரம். நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இருக்கிறதே, அது இந்த மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து வருவதுதான். இங்கே விளையும் கிழங்கு மலையிறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இங்கே வசிப்பவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். அதைக் கேட்டதும் என் பெண், பாதையோரத்தில் அவித்த கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "நீங்க மலையாளம் பேசுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "மலையில இருக்கோம், அதனால மலையாளி. பேசறது தமிழுதான் கண்ணு!" என்றார். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாம். அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஊர்க் கூட்டங்களை இன்னும் 'நாடு' என்றுதான் சொல்கிறார்கள்.

கிழங்கை இலையில் வைத்துக் கொடுத்தார். உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு சுடச்சுடச் சாப்பிட்டோம். பச்சைக் கிழங்கு வாங்கி வர ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சமையல் குறிப்பு: தோலையும் உள்பட்டையையும் நன்றாகச் சீவிவிட்டு, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சையாகக் குழந்தைகள் கடித்துவிடக் கூடாது. அதில் விஷச் சத்து உண்டு.

பிறகு மங்களம் அருவி. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய வாரங்களிலும்தான் அங்கே தண்ணீர் நன்றாக விழும். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். எங்களுக்கு அதிர்ஷ்டம், தண்ணீர் இருந்தது. காரை நிறுத்திவிட்டுக் கரடுமுரடான பாதையில் இறங்கினோம். அத்தை ஒரு கையில் கம்பும் ஒரு கையில் என் தோளுமாக, பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் குழந்தைகளும் அப்பாவும் நொடியில் தண்ணீருக்குள். கண்ணாடி, கடிகாரம், டெலிபோன், பர்ஸ், துண்டு, மாற்றுத் துணி எல்லாம் என் மடியில் வந்து விழுந்தன. நான் ஒரு தட்டைப் பாறையைத் தேடி உட்கார்ந்துகொண்டேன். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாரல் மூக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் புடவைத் தலைப்பால் டெலிபோனை மூடினேன்.

அத்தை கொஞ்ச நேரம் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் மூணு தடவை குத்தாலம் போயிருக்கேன்" என்றார்.

"அப்படியா அத்தை? நீங்க சொன்னதே இல்லையே!"

"சொல்ல என்ன இருக்கு? மூணு தடவையும் தலை நனையலை. மொதல் தடவை உன் புருஷன் கைக்குழந்தை. ரெண்டாம் தடவை உன் மாமனாரோட ஆபீஸ்காரங்க ஒரு பஸ் நிறைய வந்திருந்தாங்க. அத்தனை பேர் துணிக்கும் நான்தான் காவல். மூணாம் தடவை கொழுந்தன் பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டேன். எல்லாரும் தலையைத் துவட்டிக்கிட்டு வந்து, 'ஆகா, என்ன தண்ணி!'ன்னு சொல்வாங்க. நானும் ஆமாம்பேன்."

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. ஊர்க் கதை சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொடைக்கானலில் படகு சவாரி: நான் கரையில். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை: பையனுக்கு ஜுரம், நான் அறையில். ஒகேனக்கல்: மூட்டையோடு மரத்தடியில். பன்னிரண்டு வருஷ உல்லாசப் பிரயாணங்களில் நான் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் ஈரத் தலைகளைத்தான். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நானே உட்கார்ந்துகொண்டேன். என் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

அத்தை என் மடியிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "போ, அம்மாடி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்க தனியா..."

"இந்தக் காட்டுல என்னை யாரு தூக்கிட்டுப் போகப் போறா? போ."

போனேன். கட்டியிருந்த சேலையோடு போனேன். முதலில் முதுகில் ஓர் அடி, மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் தலையில். அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. காதில் வேறு சத்தமே இல்லை. பால்காரர் கணக்கு, பையனின் கணக்குப் பரீட்சை, ஏழு மூட்டை எதுவும் இல்லை. என் பெண் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மாகூட வந்துட்டா! அம்மாகூட வந்துட்டா!" என்று கத்தினாள். அவள் அதை ஓர் அதிசயம்போலச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கால் மணி கழித்துக் கரையேறி நேரே கணவரிடம் போனேன். "துணிக்கு நீங்க காவல் இருங்க. நான் அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். அவர் ஒரு தடவை விழித்தார். நல்ல மனுஷர்தான், இதுவரைக்கும் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். தலையைத் துவட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். சுவாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்த ஊர் அல்லவா? ஒரு தகப்பனார் அரைமணி நேரம் துணி பார்த்துக்கொள்ளக் கூடாதா?

அத்தையை அருவிக்கு அடியில் நிறுத்தவில்லை. அந்த முழங்காலோடு அது புத்திசாலித்தனமும் அல்ல. ஓரமாக, கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு பாறைமேல் உட்காரவைத்து, நானும் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். ஒரு கிளைத் தண்ணீர் மெல்லியதாக அங்கே வழிந்தது. அத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி ஏந்தித் தலையில் விட்டுக்கொண்டார். கொண்டை அவிழ்ந்து வெள்ளை மயிர் தோளில் ஒட்டிக்கொண்டது. "ஆகா, என்ன தண்ணி!" என்றார்.

திரும்பி வந்தால், காவல்காரர் டெலிபோனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு குரங்கு எங்கள் வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது! "பாத்தியா, எனக்குப் பழக்கமில்லாத வேலை" என்றார். "பழகினா வந்துடும்" என்றார் அத்தை.

சகோதரிகளே, அருவிக்குப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். வழுக்காத செருப்பு அவசியம். தண்ணீர் விழும் இடத்துக்கு மேலே ஏறாதீர்கள். ஆழம் தெரியாத மடுவில் இறங்காதீர்கள். மலையில் எங்கேயோ மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்; தண்ணீர் கலங்கலாக வந்தாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் உடனே கரையேறிவிடுங்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாந்தான். பிளாஸ்டிக் பையும் புட்டியும் கொண்டு போனபடியே திரும்பி வரவேண்டும். மலைவாசிகளை அவர்கள் சம்மதமில்லாமல் படம் பிடிக்காதீர்கள். கிழங்குக்கும் பழத்துக்கும் பேரம் பேசி நாலு ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள். அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் நாம் விருந்தாளியாகப் போயிருக்கிறோம்.

நாலாம் நாள் மத்தியானம் எங்களுக்கு ரயில். காலையில் கணவர், "மலைக்கோட்டைக்கு இன்னொரு தடவை போகலாமா?" என்று தாமாகவே கேட்டார். தாயுமானவர் சன்னிதியில் அத்தையோடும் மூட்டைகளோடும் அவர் உட்கார்ந்துகொண்டார். நானும் பெண்ணும் மேலே போனோம். அந்தக் குகையில் சிவபெருமான் ஒற்றைச் சடையை நீட்டிக் கங்கையை ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறார். முகத்தில் கொஞ்சமும் அவசரம் இல்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டதால், அந்த முகம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

உச்சியில் நின்றால் காவிரியும், அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரிகின்றன. வடக்கே கையை நீட்டி, "அந்தப் பக்கம்தானே அம்மா பச்சைமலை?" என்றாள் பெண். ஆமாம் என்றேன்.

தில்லைநகர்ச் சகோதரிக்கு என் பதில் இதுதான்: கொடுப்பினை இருக்கிறது அம்மா, எண்பது கிலோமீட்டரில். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "அருவியில் துணிக்குக் காவல் யார்?" முறை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாரையும் தாயாரையும் முதல் முறைக்கு அனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். தலை நனைந்ததா என்று மட்டும் எழுதினால் போதும்.